புகை எங்கே போய் முடிய வேண்டும்?

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

கலிபோர்னியாவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். 1974-ம் வருடத்து ஃபோர்டு எஃப்-100 பிக்கப் டிரக் ஒன்றை வாங்கியிருக்கிறார். வி-8 இன்ஜின், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மலைக்காட்டுப் பாதைகளில் ஓட்டுவதற்காக வாங்கியது. புகைக்குழாய் முழுக்கத் துருப்பிடித்துவிட்டதால் புதிதாக வளைத்து, வெல்டிங் வைத்து மாட்டப் போகிறாராம். “ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா சார்? பக்கவாட்டில் விடுவதா, பின்னால் விடுவதா, லாரி மாதிரி மேலே தூக்கி விடுவதா? ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்” என்று கேட்டிருக்கிறார். பின்தொட்டியின் மேல் கூண்டு போட்டு, இரண்டு பிள்ளைகளையும் முகாமுக்குக் கூட்டிப் போகும் எண்ணமும் இருக்கிறது.

வரலாற்று வாத்தியாரிடம் வண்டிக் கேள்வியா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் வண்டிக்கு அடியில் ஓடும் அந்தக் குழாயின் ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு போரோ, ஒரு சட்டமோ, ஒரு சாவோ இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. ஒரு வரியில் சொல்வதானால், குழாயை இன்ஜின் பக்கத்திலிருந்து யோசிக்காதீர்கள், அது முடியும் இடத்திலிருந்து யோசியுங்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சைலன்சர் என்ற சொல்

நம் ஊரில் இன்ஜினிலிருந்து வால் வரை எல்லாவற்றையும் சேர்த்து ‘சைலன்சர்’ என்கிறோம். சரியாகச் சொன்னால் நடுவில் உருளையாகத் தொங்கும் பாகம் மட்டும்தான் சைலன்சர். அது பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து நமக்கு வந்த சொல். அமெரிக்காவில் அதே பாகத்துக்கு ‘மஃப்ளர்’ என்று பெயர். நமக்கு மஃப்ளர் என்றால் மார்கழிக் குளிரில் தாத்தா கழுத்தில் சுற்றியிருக்கும் கம்பளித் துணி. வாயைப் பொத்துவது என்ற பொருள் இரண்டுக்கும் பொருந்துகிறது.

அமெரிக்காவில் இன்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897-ல் இன்ஜின் மஃப்ளருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அன்றைக்கு மோட்டார் வண்டியின் பெரிய பகை குதிரை. வெடிச்சத்தம் கேட்டுக் குதிரைகள் மிரண்டு ஓடின. சத்தத்தை அடக்கினால்தான் மோட்டாரை ஊருக்குள் விடுவார்கள் என்ற நிலை.

ஆனால் அந்தக் காலத்து மஃப்ளர் புகையின் வழியை அடைத்தது, இன்ஜினின் இழுவை குறைந்தது. அதனால் பல வண்டிகளில் ‘கட்அவுட்’ என்று ஒரு கதவு வைத்தார்கள். காலால் ஒரு மிதியை அழுத்தினால் புகை மஃப்ளருக்குள் போகாமல் நேராக வெளியே பாயும். மேடு ஏறும்போது திறந்துகொள்ள வேண்டும், ஊருக்குள் மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வேண்டும் என்றே ஊருக்குள் திறந்து ஓட்டியவர்கள் உண்டு. பல நகரங்கள் அதற்குத் தடை போட்டன. இன்று சைலன்சரைக் கழற்றிவிட்டு பைக் ஓட்டும் நம் ஊர்ப் பையன்களுக்கு நூறு வருட வம்சாவளி இருக்கிறது.

இரட்டைக் குழாயின் மதிப்பு எங்கிருந்து வந்தது?

1932-ல் ஹென்றி ஃபோர்டு சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் வி-8 இன்ஜின் கொடுத்தார். எட்டு சிலிண்டர்கள், பக்கத்துக்கு நான்கு. அந்த இன்ஜினில் புகை வெளியேறும் வழி, இன்ஜின் கட்டைக்குள்ளேயே குளிர்நீர் சூழ்ந்த பாதைகள் வழியாகப் போனது. அதனால் புகையின் சூடு நீரில் இறங்கியது, இன்ஜின் சீக்கிரம் கொதித்தது. இரண்டு பக்கப் புகையையும் இணைத்து ஒற்றைக் குழாயில் பின்னால் அனுப்பினார்கள்.

பிறகு அமெரிக்க இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கிப் பந்தய வண்டிகளாக மாற்றத் தொடங்கினார்கள். ‘ஹாட் ராட்’ என்று அதற்குப் பெயர். அவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் போடுவது. அடைப்பு குறைந்தது, சத்தம் கூடியது. ‘இரட்டைக் குழாய் என்றால் பலசாலி வண்டி’ என்ற மதிப்பு அங்கே பிறந்தது. இன்றும் ஒர்க்‌ஷாப்பில் முதலில் வரும் யோசனை அதுதான்.

வி-8 இன்ஜினின் ‘குடுகுடு’ சத்தத்துக்கும் காரணம் உண்டு. எட்டு சிலிண்டரும் சீரான இடைவெளியில் வெடித்தாலும், ஒரு பக்கத்து நான்கை மட்டும் எடுத்துப் பார்த்தால் இடைவெளி சீராக இல்லை. இரண்டு வெடிப்பு நெருக்கமாக வரும், அடுத்தது தள்ளி வரும். இரண்டு குழாயையும் நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தாலோ, ஒன்றாகச் சேர்த்துவிட்டாலோ இந்த ஏற்றத்தாழ்வு குறையும். ஒற்றைக் குழாய் மட்டமான ஏற்பாடு என்று நினைக்க வேண்டியதில்லை.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். “கொஞ்சம் அடைப்பு இருந்தால்தான் இன்ஜினுக்கு நல்லது” என்பார்கள். அடைப்பால் எந்த நன்மையும் இல்லை. புகை ஒரே ஓட்டமாக வருவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்பு வேகமாகக் குழாயில் ஓடும்போது தன் பின்னால் ஒரு இழுப்பை உண்டாக்கி, சிலிண்டரில் மிச்சம் இருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் மிகவும் அகலமாகிவிட்டால் அந்த வேகம் தளர்ந்துவிடும். பந்தய வண்டிக்கு மேல்வேகத்தில்தான் வேலை என்பதால் அகலக் குழாய் சரி. பாறை மேல் மெல்ல ஏறும் டிரக்குக்குக் கீழ்வேக இழுவைதான் வேண்டும். அதற்கு அளவான குழாய் போதும்.

ஜீப்பும் தண்ணீரும்

காட்டுப்பாதை வண்டி என்றாலே ஜீப்தான் மூதாதை. 1940-ல் அமெரிக்க ராணுவம் சிறிய, இலேசான, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கேட்டது. பென்சில்வேனியாவில் இருந்த பேண்டம் என்ற சின்ன கம்பெனி முதல் மாதிரியை அந்த வருடம் செப்டம்பரில் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. வில்லிஸ் ஜீப்பின் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு 60 குதிரைச் சக்தி. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் மகிந்திரா நம் நாட்டில் பூட்டத் தொடங்கியது இந்த ஜீப் குடும்பத்தைத்தான். தாசில்தார் ஜீப்பையும் போலீஸ் ஜீப்பையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

1944 ஜூன் 6-ம் தேதி பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. படகின் கதவு திறந்ததும் வண்டிகள் கடல்நீருக்குள் இறங்கித்தான் கரையேற வேண்டும். அதற்காகவே பல வண்டிகளுக்குக் காற்று இழுக்கும் குழாயையும் புகை விடும் குழாயையும் உயரமாக நீட்டினார்கள். மின்சாரப் பாகங்களைப் பூச்சு வைத்து அடைத்தார்கள். 1950-ல் வந்த எம்-38 ஜீப்பில் மின்சாரப் பாகங்களே நீர் புகாதபடி செய்யப்பட்டிருந்தன. பிற்காலத்து ஹம்வீ சாதாரணமாக இரண்டரை அடித் தண்ணீரைக் கடக்கும். குழாய்களை உயர்த்தும் தனிக் கருவித்தொகுதியைப் பூட்டினால் ஐந்து அடி.

இதைப் பார்த்துத்தான் இன்று பலரும் டிரக்கில் புகைக்குழாயை மேலே தூக்கி விடுகிறார்கள். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். காற்று இழுக்கும் குழாய் ஒரு நொடி முங்கினாலும் ஆபத்து. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆனால் புகைக்குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கினாலும் ஓடும் இன்ஜின் புகையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்து நீரின் எதிர்ப்பு, காற்று மண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். இன்ஜின் அதைச் சுலபமாகத் தாண்டும். ஆபத்து எப்போது என்றால், தண்ணீர் நடுவில் இன்ஜின் நின்றுபோனால். அப்போது நீர் குழாய் வழியாக ஏறும். கடலில் இறங்கும் ராணுவ வண்டிக்கு உயரக் குழாய் தேவை. முழங்கால் அளவு ஓடையைக் கடக்கும் நம் மாணவரின் டிரக்குக்கு அவ்வளவு தேவையில்லை.

ஜீப்பிடமிருந்து கற்க வேண்டிய பாடம் வேறு. குழாய் எங்கேயும் சேசிஸ் மட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. கல் முதலில் இடிப்பது எதுவோ அதுதான் முதலில் உடையும். முன் ஆக்சிலுக்கு ஓடும் ஷாஃப்ட் இருக்கும் பக்கம் இடம் குறைவு. ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது குழாயில் இடிக்கக் கூடாது. இரட்டைக் குழாய் போட்டால் இடிபடும் இடமும் இரண்டு மடங்கு, எடையும் கூடுதல். அதனால்தான் இந்த வகை வண்டிக்கு இரண்டையும் சேர்த்து ஒற்றையாகக் கொண்டு போவது மேல் என்கிறேன்.

ஒரு வருடக் கணக்கும் ஒரு லாரிக் கதையும்

1943 ஜூலை 26-ம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு மூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பான்காரர்கள் விஷவாயு போட்டுவிட்டார்களோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு ஊருக்குள் இருந்த செயற்கை ரப்பர் மூலப்பொருள் தொழிற்சாலை மேல் பழி விழுந்தது. அதை மூடியும் மூட்டம் போகவில்லை.

விடை சொன்னவர் கால்டெக் கல்லூரியின் ஆரி ஹாகன்-ஸ்மித். டச்சுக்காரர், அன்னாசிப்பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர். மோட்டார் வண்டிப் புகையும் எண்ணெய் ஆவியும் சூரிய ஒளியில் வினைபுரிந்து இந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950-களில் அவர் நிறுவினார். 1966-ல் கலிபோர்னியா அமெரிக்காவிலேயே முதல் முறையாக வண்டிப் புகைக்கு வரம்பு கட்டியது. 1970-ன் கடைசி நாளில் அதிபர் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக 1975 மாடல் கார்களில் ‘கேட்டலிடிக் கன்வர்ட்டர்’ வந்தது. புகை அதன் வழியாகப் போகும்போது விஷம் பெருமளவு முறிந்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் அது கெட்டுவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது.

நம் நாட்டிலும் இதே பாதைதான், இருபது வருடம் தள்ளி. 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 2000-ம் வருடம் பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது.

சட்டம் வந்தால் அதில் சந்தும் வரும். 6,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை கணக்கிடப்பட்ட டிரக்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடு அப்போது இல்லை. ஃபோர்டு 1975-ல் எஃப்-150 என்ற புதிய மாடலைக் கொண்டுவந்ததற்கு அதுவே காரணம். எஃப்-100-ஐ விடக் கொஞ்சம் கூடுதல் எடைக் கணக்கு, கன்வர்ட்டர் வேண்டாம். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த எஃப்-150 பெயர் ஒரு சட்டச் சந்தில் பிறந்தது.

அதே சந்தில் 1978-ல் டாட்ஜ் ஒரு சிவப்பு டிரக் விட்டது. ‘லில் ரெட் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பளபளவென்று இரண்டு செங்குத்துப் புகைக்குழாய்கள், பெரிய லாரி மாதிரி. கன்வர்ட்டர் கிடையாது. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளிலேயே வேகமானது என்று பெயர் வாங்கியது. 1979-ல் சந்து 8,500 பவுண்டு வரை அடைக்கப்பட்டது, அந்த டிரக்குக்கும் கன்வர்ட்டர் வந்தது. இன்றைக்கும் டிரக்கில் செங்குத்துக் குழாய் கேட்பவர்களின் மனதில் ஓடுவது அந்தச் சிவப்பு வண்டிதான்.

செங்குத்துக் குழாய்க்கு நியாயமான இடம் உண்டு. நம் ஊர் டிராக்டரைப் பாருங்கள். வைக்கோலுக்கும் காய்ந்த தாளடிக்கும் மேலே புகையும் சூடும் போய்விட வேண்டும் என்று மேலே தூக்கி, மழை விழாமல் மேலே ஒரு ஆடுமூடியும் வைத்திருப்பார்கள். ஆனால் டிராக்டருக்குப் பின்னால் கூண்டு இல்லை. காட்டுப்பாதை டிரக்கில் செங்குத்துக் குழாய் தாழ்ந்த கிளைகளில் மாட்டும், பின்தொட்டியின் இடத்தை அடைக்கும், கூண்டின் பக்கத்தில் பழுக்கக் காய்ந்து நிற்கும்.

1974 வண்டிக்கு இந்தச் சட்டக் கதை எப்படிப் பொருந்துகிறது? கலிபோர்னியாவின் இன்றைய விதிப்படி 1975-ம் அதற்கு முந்திய மாடல்களும் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை. 1976 முதல் பரிசோதனை உண்டு, கன்வர்ட்டரோடு வந்த வண்டியில் அதைக் கழற்றுவது சட்டவிரோதம். ஆகவே நம் மாணவரின் வண்டியில் கன்வர்ட்டர் இல்லாதது குற்றமில்லை. மஃப்ளர் மட்டும் கட்டாயம். காய்ந்த காட்டில் தீப்பொறி பறக்காமலிருக்கவும் அது வேண்டும். ஆனால் கன்வர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு இன்றைய வண்டியை விடப் பல மடங்கு அதிகம். சட்டம் விலக்குக் கொடுத்துவிட்டது என்பதால் விஷம் குறையவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

சியாட்டில் மருத்துவர்களின் கணக்கு

இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1992-ல் நீல் ஹாம்ப்சன், டயான் நார்கூல் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சியாட்டில் நகரத்தில் 1986 முதல் 1991 வரை கார்பன் மோனாக்சைடு விஷத்துக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 68 குழந்தைகள். அதில் 20 பேர் பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் பயணம் செய்தவர்கள். 17 பேர் மூடிய கூண்டுக்குள், 3 பேர் தார்ப்பாய்க்கு அடியில்.

அந்த 20 பேரில் 15 பேர் நினைவிழந்தார்கள். ஒரு குழந்தை இறந்தது. இன்னொரு குழந்தைக்கு நரம்பு மண்டலத்தில் நிரந்தரப் பாதிப்பு. அந்த 20 சம்பவங்களிலும் வண்டிகளில் இருந்த குறை என்ன தெரியுமா? ஒன்று, புகைக்குழாயில் ஏற்கெனவே தெரிந்த ஓட்டை இருந்தது. இல்லையென்றால், குழாயின் வாய் பக்கவாட்டில் இல்லாமல் வண்டியின் பின்புறம் முடிந்திருந்தது.

முன் சீட்டில் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் குழந்தைகள் பேச்சு நின்றுவிட்டது. தூங்கிவிட்டார்கள் என்று யாரும் நினைப்போம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம் மாதிரி ஒரு மயக்கம்.

பின்னால் விட்ட புகை எப்படி முன்னோக்கி வண்டிக்குள் வருகிறது? மண் ரோட்டில் ஓடும் பஸ்ஸின் பின் கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். புழுதி முழுக்க அங்கேதான் படிந்திருக்கும். பெட்டி மாதிரியான வண்டி ஓடும்போது அதன் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழன்று திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். புழுதி எந்த வழியில் வருகிறதோ அதே வழியில் புகையும் வரும். கூண்டின் பின்கதவில் சின்ன இடுக்கு இருந்தால் போதும், உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்றோட்டம் என்று நினைப்போம். உண்மையில் அது புகைக்குக் கதவு திறந்து வைப்பதாகிவிடும்.

ஆகவே தம்பி, என் யோசனை

முதலில் குழாயின் வாயை முடிவு செய்யுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே ஏறி இறங்கி, பின்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் வெளியே வரட்டும். பாடியின் விளிம்பைத் தாண்டி வாய் வெளியே நிற்க வேண்டும், கூண்டின் சன்னலுக்கு நேர் கீழே வரக் கூடாது. விளிம்புக்கு உள்ளேயே முடிந்தால் தொட்டிக்கு அடியில் புகை தங்கும். தொட்டியின் தரைத்தகட்டில் துரு ஓட்டை இருந்தால் அங்கிருந்து மேலே ஏறும். ஐம்பது வருட வண்டி, ஓட்டை இல்லாமல் இருக்காது. எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் விட்டால் வேலை சுலபம், செலவும் குறைவு. ஆனால் கூண்டு சன்னலுக்கும் ஓட்டுநர் சன்னலுக்கும் அருகில் வாய் வந்துவிடும். கூண்டு போடாதவர்களுக்கு வேண்டுமானால் அது ஒத்துவரலாம்.

அதன் பிறகு நடுவழி. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒற்றைக் குழாய், சேசிஸ் மட்டத்துக்கு மேலே, ஷாஃப்ட் இல்லாத பக்கம். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பெட்ரோல் டாங்க் ஆகியவற்றிலிருந்து தள்ளி. நெருங்கும் இடத்தில் வெப்பத் தடுப்புத் தகடு. இன்ஜின் ரப்பர் மேல் ஆடும், சேசிஸ் முறுக்கும். எனவே குழாயை ரப்பர் மாட்டலில் தொங்க விடுங்கள். இறுக்கி வெல்டிங் வைத்தால் ஆட்டத்தில் வெடிப்பு விடும். வெடிப்பு எங்கே விடும் என்று தெரியாது, உங்கள் காலடியிலும் விடலாம்.

மஃப்ளரும் வால்குழாயும் காய்ந்த புல்லைத் தொடும் உயரத்தில் இருக்கக் கூடாது. சூடான வண்டியைப் புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். சத்தத்தையும் கவனியுங்கள். கலிபோர்னியாவில் சாலையில் ஓடாத காட்டுப்பாதை வண்டிகளுக்கு 2003 முதல் 96 டெசிபல் வரம்பு, 1986-க்கு முந்திய வண்டிகளுக்கு 101. சாலை வண்டிகளுக்குத் தனி வரம்பு இருக்கிறது. சத்தம் கூடினால் காட்டுப் பக்கம் குடியிருப்பவர்கள் பாதையை மூடச் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

கடைசியாக, வழி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பிள்ளைகளை வண்டி ஓடும்போது கூண்டுக்குள் உட்கார வைக்காதீர்கள். முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரட்டும். இடம் போதாவிட்டால் இரண்டாவது வண்டி வரட்டும். இரவு கூண்டுக்குள் படுத்திருக்கும்போது குளிருக்காக இன்ஜினை ஓட விடாதீர்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கடையில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக் கூண்டுக்குள் மாட்டுங்கள். செங்குத்துக் குழாய்க்கு ஆகும் செலவை விட மிகக் குறைவு.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இது அமெரிக்க டிரக் கதை என்று நகர்ந்துவிடாதீர்கள். திருவிழாவுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாம் சரக்கு வண்டியில் ஜனங்களை ஏற்றுகிறோம். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படியே தவறு. ஆனாலும் நடக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் மேலே தார்ப்பாய் கட்டி மூன்று பக்கமும் மூடிவிடுகிறோம், பின்பக்கம் மட்டும் திறந்திருக்கும். சியாட்டில் குழந்தைகளில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தது இதே மாதிரி இடத்தில்தான். மழைக்காலத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டபடி தூங்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டு வண்டியில் இன்ஜின் பக்கம் ‘டப் டப்’ என்று புதுச் சத்தம் கேட்டால், குழாய் இணைப்பில் கருப்புக் கறை தெரிந்தால், பயணம் போகும்போது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி வந்து இறங்கியதும் சரியாகிவிட்டால், ‘பித்தம்’ என்று விட்டுவிடாதீர்கள். வண்டியைத் தூக்கி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கேஸ்கட் மாற்றுவது பெரிய செலவில்லை. யாருக்காவது மயக்கம் என்றால் உடனே இன்ஜினை நிறுத்தி, வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனைக்கு ஓடுங்கள். புகை உள்ளே வந்திருக்கலாம் என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

குழாயின் சத்தத்துக்கும் பளபளப்புக்கும் இழுவைக்கும் யோசனை சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். வண்டிக்குள் யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்பதை ஒர்க்‌ஷாப்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது வண்டிக்காரர்தான்.

வண்டி வேலை தெரிந்த நம் மாணவர்கள் இந்தக் குழுவில் நிறைய பேர் இருக்கிறீர்கள். கூடுதலாகச் சொல்ல இருந்தால் கீழே எழுதுங்கள். வீட்டில் பிக்கப் வண்டி, சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்